கொங்கு இயற்கைப் புகை

யாரையும் நம்பக் கூடாது என்பதற்காகவே கோயம்புத்தூரில் ஒரு நிலையம் இருக்கிறது. பெயர், எண்ணெய் நம்பகத்தன்மை நிலையம். அவிநாசி சாலையிலிருந்து உள்ளே திரும்பி, வேப்பமரங்களைத் தாண்டிப் போனால், வெயிலில் கண் கூசும்படி கண்ணாடி பதித்த கட்டடம். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் எதையும் நம்புவதில்லை. சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் கொப்பரையைக் காயவைத்து, செக்கில் ஆட்டி, தேங்காயெண்ணெய் விற்கிறவள் ராமாமணி. அவளுக்கு இப்படியொரு நிலையம் இருப்பதே தெரியாது. வருசா வருசம் சான்றிதழுக்காக உடுமலையில் ஒரு புட்டி எண்ணெயைக் கொடுத்துவிட்டு வருவாள், அவ்வளவுதான். ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது. அவள் எண்ணெயில் புகை இருக்கிறதாம், சான்றிதழைப் புதுப்பிக்க முடியாதாம், இனி விற்கக் கூடாதாம். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். எதிர்முனையில் பேசினவருக்கு அவள் "ஏனுங்க" என்றுகூடச் சொல்லி முடிக்கவில்லை.

புகை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கொப்பரை லேசில் காயாது. அவசரக்காரர்கள் அடியில் தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியைப் பற்றவைத்துப் புகை போட்டு உலர்த்துவார்கள். சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் புகையில் இருக்கிற, உடம்புக்கு ஆகாத சேர்மங்கள் கொப்பரையில் இறங்கி எண்ணெய்க்கும் வந்துவிடும். ராமாமணி அந்த வேலைக்குப் போனதே இல்லை. மழை வந்தால் களத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, வெயில் திரும்புகிற வரைக்கும் வானத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய எண்ணெயில் பெரும்பகுதி கோட்டைமேட்டில் தாஜுன்னிசா நடத்துகிற கடைக்குத்தான் போகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் குழந்தைக்குப் பூசுவதற்கென்றே அங்கே தேடி வருவார்கள். சான்றிதழ் இல்லாத எண்ணெயை வைத்தால் தாஜுன்னிசாவின் கடையைப் பூட்டிவிடுவார்கள். அந்தக் கடை போனால் ராமாமணியின் செக்கும் நின்றுபோகும்.

"அக்கா, நம்ம ரம்ஷாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுக்கா," என்று தாஜுன்னிசா அன்றைக்கே போன் செய்தாள். "பேத்திக்குப் பூச உங்க எண்ணெய்தான் வேணும். சட்டுனு அந்தச் சர்ட்டிபிகேட்ட வாங்கிப்போடுங்க. நான் வேற யார்கிட்டயும் வாங்க மாட்டேன்."

"ஏதோ தப்பு நடந்திருக்குது கண்ணு. நேர்ல போய்ப் பேசினாச் சரியாப் போயிரும்," என்றாள் ராமாமணி. நேரில் போய்ப் பேசினால் சரியாகிவிடும் என்று நம்புகிற மனிதர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். நிலையத்துக்கு வேலை கிடைப்பதே அவர்களால்தான்.

மறுநாள் காலை அவள் போய் இறங்கினபோது வாசலில் காவலாளி அவள் கைகளை முகர்ந்து பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. பிறகு தலையை முகர்ந்தார்.

"தலைக்கு என்ன எண்ணெய் வெச்சிருக்கீங்க?"

"எங்க எண்ணெய்தானுங்க."

"தடை பண்ணின எண்ணெய உள்ள கொண்டுபோகக் கூடாதுங்க," என்றவர், அவள் தலையில் ஒரு பிளாஸ்டிக் குல்லாயை மாட்டி, ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டு அனுப்பினார். வரவேற்பறையில் உட்காரும் நாற்காலிகளைச் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள். தண்ணீர்க் குவளைக்கும் சங்கிலி. சுவரில் மாட்டியிருந்த இயக்குநரின் படத்துக்குப் பின்னாலும் ஏதோ கம்பி தெரிந்தது. அங்கே வருகிறவர்களை "ஐயத்திற்குரியவர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். உடுமலை ஐயத்திற்குரியவர் உள்ளே வரலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் ராமாமணி எழுந்து போனாள்.

இயக்குநர் முனைவர் கிருபாசங்கர் மரியாதையான மனிதர். கும்பிட்டு, உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். டீ வந்ததும் ஒரு கண்ணாடிக் குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஏனுங் சார், எங்க களத்துல வெயில்ல காஞ்ச கொப்பரைங்க. ஒரு தொட்டி பத்த வெச்சதில்லைங்க. புகை எப்படிங் சார் வரும்?"

"வராதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்கம்மா," என்றார் அவர் அன்பாக. "இந்த வருசம் வந்த அத்தனை எண்ணெயிலயும் புகை. பொள்ளாச்சி எண்ணெய், ஆனைமலை எண்ணெய், எல்லாத்துலயும். ஒருத்தர்கூட ஒத்துக்கலை. அதுலிருந்து என்ன தெரியுது? இந்த ஜில்லாவுல ஒருத்தர் பாக்கி இல்லாம பொய் சொல்றாங்க."

"கருவி தப்பாக் காட்டியிருக்குமோ என்னமோங்க."

கிருபாசங்கர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்கம்மா. மனுசன் பொய் சொல்லுவான். நீங்க சொல்லுவீங்க. நானே தேவைப்பட்டாச் சொல்லுவேன். போன வாரம்கூட மேலிடத்துக்கு ஒண்ணு சொன்னேன். ஆனா கருவி சொல்லாது. வாங்க, உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன்."

கருவி அறை மாடியில் இருந்தது. அந்தக் கருவியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை அது ஆவியாக்கி, மெல்லிய சுருள் குழாய்க்குள் அனுப்பும். உள்ளே போன சேர்மங்கள் தத்தம் குணத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னுமாக வெளியே வரும். வெளியே வருகிற வாசலில் புற ஊதா ஒளி காத்திருக்கும். புகையிலிருந்து வந்த சேர்மங்கள் அந்த ஒளி பட்டதும் ஒளிரும். எண்ணெய்க்கே உரியவை பேசாமல் கடந்து போய்விடும். ஒளிர்கிறதைப் பிடித்துக் கருவி திரையில் ஒரு கோட்டை மேலே ஏற்றும். கோடு உயர உயரப் புகை அதிகம். யாருடைய புகை என்று மட்டும் அது கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் மனிதர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது.

கதவைத் திறந்ததும் ராமாமணிக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. அறை முழுக்கச் சாம்பிராணி. கருவியை இயக்குகிற அருள்குமார் வெள்ளைக் கோட்டும் நெற்றி நிறைய திருநீறுமாக, தூபக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு கருவியை வலம் வந்துகொண்டிருந்தார். கருவிக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்து மேசையில் ஊர் ஊராக வந்த எண்ணெய்ச் சாறுகள் வாய் திறந்த கண்ணாடிக் குடுவைகளில் வரிசையாக நின்று, வற்றுவதற்காக மின்விசிறிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. சாம்பிராணியையும் சேர்த்துத்தான் குடித்தன.

"தினமும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டாள் ராமாமணி.

"தினமும்," என்றார் கிருபாசங்கர் பெருமையாக. "முந்தின கருவி ஒரு செவ்வாய்க்கிழமை பூஜை போடாம ஆரம்பிச்சோம். அன்னிக்கே கெட்டுப்போச்சு. பெங்களூர்ல இருந்து இன்ஜினியர் வர்றதுக்குள்ள ஆடி போயி ஐப்பசி வந்திருச்சு. அதுக்கப்புறம் ஒருநாள்கூட விட்டதில்லை. இன்னிவரைக்கும் கருவி நிக்கலை. இதைவிட என்ன நிரூபணம் வேணும்?"

"சார், சாமி கும்பிடறதத் தப்புன்னு சொல்லலைங்க. எங்கூட்லயும் வெள்ளிக்கிழமை தவறாமச் சாம்பிராணி போடறோமுங்க. ஆனா எண்ணெயத் தொறந்து வெச்சுட்டுப் போட மாட்டோமுங்க. அந்தப் புகை இதுல எறங்கியிருக்குமுங்களே."

அருள்குமார் தூபக்காலைப் பார்த்தார். குடுவைகளைப் பார்த்தார். பிறகு, அரசு வேலையில் இருக்கிறவர்கள் ஆபத்தான நேரத்தில் பார்க்கிற இடமான கூரையைப் பார்த்தார்.

"உங்களை யாரு அனுப்பினாங்க?" என்றார் கிருபாசங்கர் மெதுவாக.

ராமாமணி தன்னை யாரும் அனுப்பவில்லை என்றும், உடுமலை பஸ்ஸில் வந்ததாகவும் சொன்னாள். அதை அவர் நம்பவில்லை. ஆனால் புகார் என்று ஒன்று வந்துவிட்டால் விசாரிக்க வேண்டும் அல்லவா? நிலையத்தில் அதெல்லாம் முறையாக நடக்கும். புகார் கிருபாசங்கரின் ஆய்வகத்தின் மேல் வந்திருந்தது. விசாரணைக் குழுவுக்குத் தலைவராகக் கிருபாசங்கரையே போட்டார்கள்.

"என்னை நானே விசாரிச்சாத்தான் உள்ளது உள்ளபடி வெளிய வரும்," என்று அவர் ராமாமணிக்கு விளக்கினார். "வெளியாள் வந்தா நான் மறைச்சிருவேனில்ல?"

முதலில் எண்ணெயே கலக்காத வெறும் கரைப்பானைக் கருவியில் ஏற்றினார்கள். சாம்பிராணி போட்டு, தேங்காய் உடைத்து, நல்ல நேரம் பார்த்துத்தான் ஏற்றினார்கள். திரையில் கோடு உயர்ந்தது. கரைப்பான் விற்ற கம்பெனி கொப்பரைக்குப் புகை போடுகிறதோ என்று சந்தேகப்பட்டு அவர்களுக்கு விளக்கம் கேட்டார்கள். அடுத்து நிலையத்தின் குடிதண்ணீரை ஏற்றினார்கள். அதிலும் புகை. கேன்டீன்காரரை நிறுத்திவைத்தார்கள். கடைசியில் கிருபாசங்கர் தன் வீட்டிலிருந்தே எண்ணெய் கொண்டுவந்தார். மாமியார் ஊரில் ஆட்டி அனுப்பியது. அதிலும் கோடு ஜம்மென்று எழுந்து நின்றது. அன்று சாயங்காலம் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் முதல் அவர் ஹோட்டலில் சாப்பிட்டார் என்பது மட்டும் தெரியும்.

சாம்பிராணி போடாமல் ஒருமுறை கருவியை ஓட்டிப் பார்க்கலாமே என்று குழுவில் யாரும் சொல்லவில்லை. கருவி நின்றுபோனால் யார் பொறுப்பு?

குழு தன் முடிவை வெளியிடுவதற்கு ஒரு விழா வைத்தது. மேடை, பொன்னாடை, கேசரி எல்லாம் உண்டு. ராமாமணியையும் கூப்பிட்டிருந்தார்கள். சங்கிலி போட்ட நாற்காலியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"நண்பர்களே," என்றார் கிருபாசங்கர். "எண்ணெயில் புகை இருந்தது. கரைப்பானில் இருந்தது. தண்ணீரில் இருந்தது. என் சொந்த வீட்டிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருக்கிற ஒன்று எப்படிக் கலப்படமாகும்? அது இயற்கை! இந்த மண்ணின் குணம்! ஆகவே இன்று முதல் 'கொங்கு இயற்கைப் புகை அளவு' என்ற தரத்தை நிலையம் அறிவிக்கிறது. இந்த அளவு புகை இருக்கிற எண்ணெய் தூய எண்ணெய். குறைந்தால், அது இந்த மண்ணின் எண்ணெய் அல்ல. அல்லது யாரோ ரசாயனம் போட்டுப் புகையை நீக்கிவிட்டார்கள் என்று பொருள்." கைதட்டல் எழுந்தது. அவர் கை உயர்த்தி அடக்கினார். "இன்னொன்று. ஆய்வகத்தில் சாம்பிராணி வேண்டாம் என்று ஒரு சகோதரி சொன்னார். நாங்கள் விமர்சனத்தை மதிக்கிறவர்கள். நாளை முதல் கருவிக்கு மின்சார விளக்குப் பூஜை மட்டும்தான். இனி இது புகையில்லா ஆய்வகம்!"

அதற்கும் கைதட்டினார்கள். ராமாமணியும் தட்டினாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. தான் சொன்னதை ஒரு பெரிய மனிதர் மேடையில் ஒத்துக்கொண்டார் என்று பஸ்ஸில் வழிநெடுக நினைத்துக்கொண்டே போனாள். புகையில்லா ஆய்வகத்துக்காக அவருக்கு அடுத்த மாதமே ஒரு விருது கிடைத்தது. புகை அளவு கண்டுபிடித்ததற்கு இன்னொன்று. அந்த அளவு அரசிதழிலும் வந்துவிட்டது.

அதன்பிறகு ராமாமணியின் எண்ணெயை மறுபடி சோதித்தார்கள். மின்சார விளக்கு எரிந்தது. குடுவைகளைச் சுற்றி நல்ல காற்று. திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"என்னம்மா பண்ணீங்க?" என்றார் கிருபாசங்கர். இந்தத் தடவை டீ வரவில்லை.

"ஒண்ணும் பண்ணலைங் சார். புகை இல்லைன்னுதானுங்களே மொதல்லேயே சொன்னேன்."

"துளிகூட இல்லையேம்மா! இவ்வளவு சுத்தமா எப்படி இருக்கும்? எதைப் போட்டுக் கழுவினீங்க?"

"சாம்பிராணிய நிறுத்திப்போட்டீங்களே சார். அதனாலதானுங்க."

"அது வேற விசயம்."

"அந்த அளவு வெச்சது சாம்பிராணி போட்டப்பதானுங்களே? இப்பத்தான் போடறதில்லையே. அப்ப அளவையும் மாத்தோணுமில்லீங்களா?"

கிருபாசங்கர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, நான் என்ன முட்டாளா? எனக்குப் புரியாமலா இருக்குது? அளவை மாத்தினா முன்னாடி வெச்ச அளவு தப்புன்னு ஆகும். தப்பான அளவுக்கு ஒரு விருது வாங்கியிருக்கேன். சாம்பிராணிய மறுபடி போடலாம்னா, அத நிறுத்தினதுக்கும் ஒரு விருது வாங்கிப்போட்டேன். ரெண்டையும் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா? நியாயமா யோசிங்க. மாத்திக்கக்கூடியது இதுல உங்க எண்ணெய் ஒண்ணுதான்."

ராமாமணிக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று குல்லாயைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் அருள்குமார் பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. மத்தவங்க எல்லாம் தொட்டி பத்த வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. நல்லாக் கோடு வருது. நீங்களும் ஒருநாள் புகைய விட்டுக் கொண்டாங்க. மேல எவ்வளவு வரைக்கும் போலாம்னு குழு ஒண்ணும் சொல்லலைங்க."

அவர் சொன்னது உண்மைதான். உடுமலைக்கு வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தாள். நல்ல வெயில் காய்கிற களங்களில்கூடப் புகை எழுந்துகொண்டிருந்தது. புகை வராத களத்துக்காரரை ஊரே ஒருமாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தது. எதையோ ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று பேச்சு. ராமாமணியின் களத்தைப் பற்றியும் பேசினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்க கொப்பரை மட்டும் இத்தனை வெளுப்பா இருக்குதே, என்ன போடறீங்க?" என்று கேட்டேவிட்டார்.

தாஜுன்னிசா நடுவில் பலமுறை போன் செய்துவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் வேறு இடம் போகிறார்களாம். குழந்தைக்கு எதையும் பூசாமல் வைத்திருக்கிறாளாம். "உங்க எண்ணெய் வர்ற வரைக்கும் தொடவே மாட்டேன்னு ரம்ஷாகிட்டச் சொல்லிப்போட்டேன்க்கா."

அன்றைக்கு ராமாமணியின் வீட்டுக்காரர் பாலுசாமி தொட்டிகளைக் குவித்து வைத்துவிட்டு, தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "நீயே பத்த வெச்சுரு. எனக்குக் கை வரலை," என்றார். அவளுக்கும் வரவில்லை. ஆனால் பற்ற வைத்தாள். வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்த கொப்பரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பேறியது. அவள் இருமிக்கொண்டே, வெட்கத்தோடு, அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டாள். எல்லாப் பக்கமும் சீராகப் புகை ஏற வேண்டும் அல்லவா? எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற பழக்கம் அவளை அப்போதும் விடவில்லை.

அந்தக் கொப்பரையை ஆட்டின எண்ணெயை நிலையத்தில் ஏற்றியதும், கோடு திரையின் உச்சிக்குப் போய் முட்டியது. கிருபாசங்கர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, கண்களை மூடிக்கொண்டார்.

"இதும்மா, இதுதான் நம்ம மண்ணோட மணம்! இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் மறைச்சீங்க?" சான்றிதழில் அவரே கையெழுத்துப் போட்டு, தங்க நிற முத்திரை ஒட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் கொப்பரைக்காரர்களுக்கு நடக்கப்போகிற பயிற்சி வகுப்பில் அவள் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வாசலில் காவலாளி அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார்.

அங்கிருந்து நேராகக் கோட்டைமேட்டுக்குப் போனாள். ஒரு கையில் எண்ணெய் கேன், இன்னொரு கையில் சான்றிதழ். தாஜுன்னிசா கடையை விட்டு இறங்கி ஓடிவந்து கேனை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்க! உங்களை அலையவிட்டுக் கொன்னுட்டாங்களே பாவிங்க. ரம்ஷா, புள்ளையத் தூக்கிட்டு வாம்மா, அக்கா வந்தாச்சு!"

ரம்ஷா குழந்தையைக் கொண்டுவந்து பாயில் போட்டாள். கருத்த சுருட்டை முடி, இறுக்கி மூடிய கை, தூக்கம். தாஜுன்னிசா சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, கேனைத் திறந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு பேசிக்கொண்டே போனாள்.

"மத்தவங்க சரக்குன்னா மோந்து பார்ப்பேன், நாக்குல வெச்சுப் பார்ப்பேன். உங்க எண்ணெய நான் ஒருநாளும் மோந்து பார்த்ததில்லைக்கா. எதுக்குப் பார்க்கோணும்?"

அவள் கை குழந்தையின் நெஞ்சுக்குப் போனது. ராமாமணி எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் தாஜு."

"ஏங்கக்கா?"

"புகை போட்டது கண்ணு இது."

தாஜுன்னிசா சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்திருப்பாள். பிறகு ராமாமணியின் முகத்தைப் பார்த்தாள். "சர்ட்டிபிகேட் குடுத்திருக்காங்களே?"

"அதுக்காகத்தான் கண்ணு போட்டேன்."

ரம்ஷா குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தாஜுன்னிசா கையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாக ரொம்ப நேரம் துடைத்தாள். கடை மூலையில் ராமாமணியின் பழைய எண்ணெய், தடைக்கு முன்னால் வந்த நல்ல எண்ணெய், காலிக் கேன்களோடு சேர்ந்து, மறந்துபோன ஒரு கேனில் மிச்சம் இருந்தது.

"அது வெயில்ல காஞ்சது கண்ணு. சத்தியமா. அதைப் பூசு," என்றாள் ராமாமணி.

தாஜுன்னிசா அந்தக் கேனை எடுத்து வந்து மூடியைத் திருகினாள். ராமாமணியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, முகர்ந்து பார்த்தாள்.